60 நாளா, 36 மாதமா, 6 வருடமா? தோட்டத்தில் மூன்று குடும்பம், மூன்று கெடு

லயத்து வெளிச்சம்:

வணக்கம். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்குக்கும் ரெங்கத்துக்கும் நடுவில் உள்ள செம்பனைத் தோட்டம். வர்ற ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் வைக்கிறோம். மூன்று குடும்பங்கள் உதவி கேட்டிருக்கின்றன. ஆளுக்கொரு கெடு சொல்கிறார்கள். ஒருவர் “60 நாள்தான்” என்கிறார், இன்னொருவர் “ஆறு வருடம் இருக்கு, என்ன அவசரம்” என்கிறார். விஷயம் தெரிந்தவர்கள் தெளிவாகச் சொன்னால் அதை அச்சடித்துப் பலகையில் ஒட்டிவிடுவோம்.

முதலாவது, நாற்று மேடையில் வேலை செய்த பெண். நாலு வருடமாக வருடா வருடம் கான்டிராக்ட் புதுப்பித்தார்கள். இந்த 2026 மார்ச் 3-ஆம் தேதி கடிதம் கொடுத்தார்கள்: மார்ச் 31-ஓடு முடிகிறது, இனிப் புதுப்பிக்க மாட்டோம். அப்போது அவருக்கு ஆறாம் மாதம். பிரசவ தேதி ஜூலை முதல் வாரம். “பிள்ளை பெத்துட்டு வந்து பாரு” என்று ஆபிஸில் வாயால் சொன்னார்களாம். இப்போது அவர் இருந்த இடத்தில் வேறொருவர் வேலை செய்கிறார்.

இரண்டாவது, குலை வெட்டுகிறவர். மட்டை சரிந்து கண்ணில் அடி. “வீட்ல விழுந்ததா கிளினிக்ல சொல்லிடு, செலவை கம்பெனி பார்த்துக்கும்” என்று மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) சொல்லியிருக்கிறார். மூன்று மாதமாகிறது, பார்வை மங்கல்.

மூன்றாவது, 2024 ஆகஸ்டில் டவுனிலிருந்து திரும்பும்போது மோட்டார் சைக்கிளை லாரி மோதியது. ஓட்டியவருக்கு வயது 40, தொடை எலும்பு முறிவு. பின்னால் இருந்த மகனுக்கு 9 வயது, கை முறிந்தது. போலீஸ் கேஸ் முடியட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

கோப்புக் கிராணி:

முதல் கேஸ்தான் மிக அவசரம், அதிலிருந்தே தொடங்குகிறேன். உங்களுக்குச் சொன்ன இரண்டு பேரும் சொன்னது சரிதான், ஆனால் இரண்டும் வெவ்வேறு கதவு. ஆறு வருடம் சாதாரணச் சாலை விபத்து வழக்குக்கு, வேலை நீக்கத்துக்கு 60 நாள். 1967-ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு அது. காரணமில்லாமல் வேலையை விட்டு எடுத்தார்கள், என்னைத் திரும்ப வேலையில் சேர்க்க வேண்டும் என்று எழுத்து மூலம் மனு கொடுக்க வேண்டும். கொடுக்க வேண்டிய இடம் ஜாபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசாஹாஆன், அதாவது தொழிலியல் உறவு இலாகா. லேபர் ஆபிஸ் (தொழிலாளர் இலாகா) இல்லை. இங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். லேபர் ஆபிஸில் புகார் கொடுத்த ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, கேஸ் பதிவாகிவிட்டது என்று நம்பி உட்கார்ந்திருப்பார்கள். அங்கே கொடுத்த புகார் இந்த 60 நாளை நிறுத்தாது. கம்பெனிக்கு மேல்முறையீட்டுக் கடிதம் எழுதினாலும் நிற்காது. யூனியன் தலைவர் மேனேஜரிடம் பேசிக்கொண்டிருந்தாலும் நிற்காது. ஒரு நாள் தாண்டினாலும் இலாகா எடுக்காது, அனுதாபப்பட்டு நீட்டிக்க அதிகாரிக்கு அதிகாரமே கிடையாது. இந்தக் கெடு கட்டாயமானது என்று 1981-லேயே கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எண்ணுவது எப்படி? வேலை முடிந்த நாள் மார்ச் 31 என்றால் ஏப்ரல் 30-ஓடு முப்பது நாள், மே 30-ஓடு அறுபது. நோட்டீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே மனு கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் கம்பெனி தரப்பு, “கடிதம் கொடுத்த மார்ச் 3-லேயே முடிவு தெரியும்” என்று வாதாடப் பார்க்கும். அதிலிருந்து எண்ணினால் மே 2. அந்த வாதம் எடுபடுமா எடுபடாதா என்று சோதித்துப் பார்க்க இந்த அம்மா தன் கேஸைப் பணயம் வைக்கக் கூடாது. மே 2-க்கு முன்னால் கொடுத்துவிடட்டும்.

மனுவில் “நஷ்ட ஈடு வேண்டும்” என்று மட்டும் எழுத வேண்டாம். சட்டம் கேட்பது, பழைய வேலையில் திரும்பச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை. பிறகு நீதிமன்றம் வேலைக்குப் பதிலாகப் பணம் கொடுக்கலாம்: கிடைக்காமல் போன சம்பளம் அதிகபட்சம் 24 மாதம் வரை, அதற்கு மேல் வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம் என்று கணக்குப் போடுவது வழக்கம். ஆனால் முதல் தாளில் இருக்க வேண்டிய சொல், திரும்ப வேலை.

இலாகா முதலில் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசும். அதற்குக் கட்டணம் இல்லை. அங்கே வக்கீல் வர முடியாது, யூனியன் ஆள் கூட வரலாம். சமரசம் ஆகவில்லை என்றால், 2021 ஜனவரி முதல் அமைச்சரிடம் போகாமல் நேரே தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார்கள்.

கம்பெனியின் வாதம் என்னவாக இருக்கும் என்று இப்போதே தெரியும்: “நாங்கள் நீக்கவில்லை, கான்டிராக்ட் தானாக முடிந்தது.” அதற்குப் பதில் நாலு வருடமாகத் தொடர்ந்து புதுப்பித்ததே. நாற்று மேடை வேலை வருடம் முழுக்க இருக்கும் வேலை, ஒரு பருவத்தோடு முடிகிற வேலை இல்லை. கடிதத்தில் தேதி போட்டிருப்பதை மட்டும் பார்க்காமல், இரு தரப்பின் நோக்கம், முதலாளி நடந்துகொண்ட விதம், வேலையின் தன்மை இவற்றையும் பார்க்க வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2020-இல் சொன்ன தீர்ப்பு இருக்கிறது. நாலு கான்டிராக்ட் தாளையும் தேதி வரிசையில் அடுக்கி வையுங்கள். ஒன்று முடிந்த மறுநாளே அடுத்தது தொடங்கியிருந்தால் அதை விடப் பெரிய ஆதாரம் வேண்டாம். அதே இடத்தில் உடனே வேறு ஆளைப் போட்டதும் முக்கியம்.

அடுத்தது கர்ப்பம். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் 41ஏ என்று ஒரு பிரிவு வந்திருக்கிறது. கர்ப்பிணியை வேலை நீக்குவதும், நீக்கும் நோட்டீஸ் கொடுப்பதும் குற்றம். விதிவிலக்கு மூன்றே மூன்று: வேண்டுமென்றே ஒப்பந்தத்தை மீறியது, ஒழுங்கீனம், கம்பெனியே மூடுவது. கர்ப்பத்துக்காக நீக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி, அந்த அம்மா இல்லை. இது லேபர் ஆபிஸ் விஷயம், குளுவாங்கிலேயே ஆபிஸ் இருக்கிறது. அதே திருத்தத்தில் வந்த 69எஃப் பிரிவின் கீழ் வேலையில் பாரபட்சம் என்று தனிப் புகாரும் கொடுக்கலாம். லேபர் டைரக்டர் ஜெனரல் விசாரித்து உத்தரவு போடலாம். உத்தரவை மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், மீறல் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 1,000 ரிங்கிட். பாரபட்சம் என்றால் என்ன என்று அந்தப் பிரிவு விளக்கம் தரவில்லை. அதனால் “என்னை ஒதுக்கினார்கள்” என்று பொதுவாக எழுதினால் எடுபடாது. யாருக்கு என்ன கொடுத்தார்கள், எனக்கு என்ன மறுத்தார்கள், எந்தத் தேதியில், யார் வாயால் சொன்னது என்று எழுத வேண்டும்.

இரண்டு கதவையும் தட்டலாம். ஆனால் பெருசாஹாஆன் கதவு முதலில்.

பால்மரக் காடு:

கிராணி அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்குங்க. அந்த அம்மாவுக்குப் பிரசவ அலவன்ஸ் கையை விட்டுப் போகலை. பிரசவத்துக்கு முந்தின நாலு மாதத்தில் ஒரு நாளாவது வேலையில் இருந்திருக்கணும், முந்தின ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாள் வேலையில் இருந்திருக்கணும். ஜூலை முதல் வாரத்திலிருந்து நாலு மாதம் பின்னாடி போனா மார்ச் முதல் வாரம். அவங்க மார்ச் 31 வரை இருந்திருக்காங்க. அப்போ 98 நாள் அலவன்ஸ் கேட்கலாம். உயிரோடு இருக்கிற பிள்ளைகள் ஏற்கெனவே ஐந்து இருந்தா மட்டும் கிடையாது.

கண்ணி ஒன்று இருக்கு. வேலையை விட்டுப் போகும்போது, நாலு மாதத்துக்குள்ள பிரசவம்னு தெரிஞ்சா, போகிறதுக்கு முன்னாடியே கர்ப்பத்தை முதலாளிக்குத் தெரியப்படுத்தியிருக்கணும். இல்லேன்னா அலவன்ஸ் போச்சு. வயிறு தெரிஞ்சுதே, எல்லாருக்கும் தெரியுமேன்னு வாதாட வேண்டிய நிலைமை வரக் கூடாது. கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) பரிசோதனைக்குப் போன நாள்கள் அந்தக் கர்ப்பப் பதிவுப் புத்தகத்தில் தேதியோடு இருக்கும். அந்த நாள்களுக்கு லீவு கேட்ட வாட்சாப் செய்தி, கிளினிக்குக்கு வந்த நேரத்தைக் காட்ட ஆபிஸில் கொடுத்த டைம் சிலிப், பளுத் தூக்க வேண்டாம்னு மண்டோர் வேலை மாற்றிக் கொடுத்த நாள், எல்லாத்தையும் எடுத்து வைங்க.

லயத்து வெளிச்சம்:

நன்றி. மறந்துவிட்டேன், அந்த அம்மா கடைசி நாளில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மலாய் மொழியில் இருந்தது, படித்துப் பார்க்கவில்லையாம். பயந்துபோய் இருக்கிறார்.

கோப்புக் கிராணி:

அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பார்க்க வேண்டிய வரி “பெர்ஹெந்தி டெங்கான் ரெலா ஹாத்தி” மாதிரி ஏதாவது இருக்கிறதா என்பது, அதாவது சொந்த விருப்பத்தில் விலகுகிறேன். சம்பளப் பாக்கி வாங்கியதற்கான கையெழுத்து என்று நினைத்துப் போட்டிருப்பார், மேலே இந்த ஒரு வரி ஒட்டிக்கொண்டிருக்கும். இருந்தாலும் கேஸ் செத்துப்போகாது. மார்ச் 3-ஆம் தேதி “புதுப்பிக்க மாட்டோம்” என்று கம்பெனியே எழுதிய பிறகு, 31-ஆம் தேதி ஒருவர் தானாக விலகினார் என்பது பொருந்தாது. எந்த மேசையில், யார் கொடுத்து, என்ன சொல்லிப் போடச் சொன்னார்கள், சம்பளம் கைக்கு வருவதற்கு முன்னாலா பின்னாலா என்று இன்றே ஒரு தாளில் எழுதித் தேதி போடச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து ஞாபகம் தேய்ந்த பிறகு எழுதுவதற்கு அந்த மதிப்பு வராது.

செம்மண் சாலை:

கண் அடிபட்டவர் விஷயத்துக்கு வருகிறேன்.

கம்பெனி மேல் கவனக்குறைவுக்காக வழக்குப் போடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், மலாயில் பெர்கேசோ) பாதுகாப்பு உள்ளவர் வேலை விபத்துக்காக முதலாளி மேலேயோ கூட வேலை செய்கிறவர் மேலேயோ நஷ்ட ஈடு வழக்குப் போட முடியாது. 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு அதை அடைத்துவிட்டது. அதனால் சொக்சோதான் இவருக்கு ஒரே வழி. அந்த ஒரே வழியைத்தான் மண்டோர் மூடச் சொல்லியிருக்கிறார். இதைப் படிக்கும்போது வயிறு எரிகிறது. செலவை கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்பது கிளினிக் பில்லுக்குச் சரி. பார்வை போனால் சாகும்வரை வரக்கூடிய பென்ஷனை எந்த மேனேஜரும் கொடுக்க மாட்டார்.

சட்டப்படி விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் தொழிலாளியே குளுவாங் பெர்கேசோ ஆபிஸுக்கு நேரில் போய்ச் சொல்லலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே வேலை விபத்துக்குப் பாதுகாப்பு உண்டு, இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. இந்தோனேசியா, பங்களாதேஷ் தொழிலாளிகளுக்கும் 2019 ஜனவரி முதல் இதே பாதுகாப்புத்தான். அவர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள்.

இவர் கேஸில் சிக்கல், கிளினிக் அட்டையில் முதல் நாள் டாக்டர் எழுதிய ஒரு வரி. “ஜாத்தோ டி ரூமா”, வீட்டில் விழுந்தார் என்று இருக்கும். சொக்சோ அதிகாரி முதலில் தேடுவதும் அதைத்தான். அதைச் சரிக்கட்ட, அன்றைக்கு அவர் தோட்டத்தின் எந்த எண் பகுதியில் வெட்டினார் என்பதற்கு வருகைப் பதிவு, அன்று எத்தனை குலை எண்ணினார்கள் என்ற சீட்டு, பாதியில் வேலை நின்றதென்றால் அந்த எண்ணிக்கையே குறைந்திருக்கும், தூக்கி வந்தவர் பெயர், எந்த வண்டியில் கிளினிக் போனார் என்பதெல்லாம் வேண்டும். கண் டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது உண்மையைச் சொல்லட்டும்: மட்டை விழுந்தது, தோட்டத்தில், வேலை நேரத்தில். முதல் டாக்டரிடம் ஏன் மாற்றிச் சொன்னார் என்பதையும் மறைக்காமல் சொல்லட்டும். ஒரு போலீஸ் ரிப்போர்ட்டிலும் அதே விவரம் இருக்கட்டும். நாலு இடத்தில் நாலு விதமாகச் சொன்னால் உண்மையான விபத்தையும் தள்ளிவிடுவார்கள்.

பணம் எப்படி? விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு) இருந்தால் தற்காலிக உடல் ஊனத்துக்கான பணம், தினக்கூலிக் கணக்கில் 80 விழுக்காடு. எம்.சி. முடிந்து வேலைக்குத் திரும்பியதும் எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் பெரிய உரிமை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நிரந்தர ஊனத்துக்கு மருத்துவர் வாரியம் பார்க்கச் சொல்லி, தற்காலிகப் பணம் கிடைத்த கடைசி நாளிலிருந்து 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வாரியம் ஊனத்தை 20 விழுக்காட்டுக்கு மேல் மதிப்பிடவில்லை என்றால் மொத்தமாக ஒரே தொகை. அதற்கு மேல் என்றால் ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாக வாங்கிக்கொண்டு மீதியை மாதா மாதம் ஆயுள் முழுக்க வாங்கலாம். மதிப்பீடு குறைவு என்று தோன்றினால் முடிவு தெரிந்த 90 நாளுக்குள் மேல்முறையீட்டு மருத்துவர் வாரியத்துக்குப் போகலாம். கடிதம் வந்த உறையைக் கிழித்துப் போடாமல் வையுங்கள், அஞ்சல் முத்திரையில்தான் தேதி இருக்கும்.

“புகார் கொடுத்தால் வேலை போகும்” என்ற பயத்துக்கும் ஒரு பதில் உண்டு. பாதுகாப்பைப் பற்றிப் புகார் செய்தார் என்பதற்காகத் தொழிலாளியை நீக்கக் கூடாது, தரம் குறைக்கக் கூடாது என்று 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு சொல்கிறது.

நீல உறை:

சாலை விபத்து. போலீஸ் கேஸுக்காகக் காத்திருப்பது தவறு. லாரி டிரைவருக்குச் சம்மன் போட்டார்களா, அபராதம் கட்டினாரா என்பது வேறு பாதை. நஷ்ட ஈட்டு வழக்கின் கடிகாரம் மோதிய நாளிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. தீபகற்ப மலேசியாவில் 1953-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி 6 வருடம். சபா, சரவாக்குக்குத் தனிச் சட்டம், அங்கே சொந்தக்காரர் இருந்தால் இந்த 6-ஐ அவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

பையனுக்கு 18 வயது ஆன பிறகுதான் 6 வருடம் எண்ணத் தொடங்கும். அதை நம்பி விட்டுவிட்டால், அவன் பெரியவனாகும்போது லாரியும் இருக்காது, சாட்சியும் இருக்காது, எக்ஸ்ரேயும் இருக்காது. அப்பாவோடு சேர்த்தே போடலாம், பையனுக்காக ஒரு பெரியவர் நீதிமன்றத்தில் பிரதிநிதியாக நிற்பார். பையன் விஷயத்தில் இன்சூரன்ஸோடு சமரசம் செய்தாலும் நீதிமன்றம் ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் இல்லாமல் அப்பா மட்டும் கையெழுத்துப் போட்டு முடித்துவிட முடியாது.

வாகன விபத்து வழக்கைத் தொகை எவ்வளவானாலும் செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கலாம். வழக்குப் போடுகிற லாயர் லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு, வழக்குக்கு முன்னாலோ பதிவான 7 நாளுக்குள்ளோ நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இது தவறினால் ஜெயித்த பிறகும் இன்சூரன்ஸிடம் பணம் வாங்க முடியாமல் போகலாம், டிரைவரைத் துரத்த வேண்டியிருக்கும். நீதிமன்றத்தில் பதிவான இந்த வழக்கின் சம்மன் 6 மாதம்தான் செல்லும், அதற்குள் எதிராளி கையில் சேர வேண்டும். “நோட்டீஸ் எந்தத் தேதியில் போனது, நகல் தாருங்கள்” என்று லாயரிடம் கேட்பது அவமரியாதை ஆகாது.

சம்பள இழப்பைச் சட்டமே கணக்குப் போட்டுக் கொடுக்கிறது. 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28ஏ பிரிவு. அடிபட்டபோது வயது 31-இலிருந்து 59-க்குள் என்றால், 60-இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். இவருக்கு 40, ஆக 20-ஐ இரண்டால் வகுத்தால் 10 வருடம். முன்பு வாங்கியதைவிட மாதம் 800 ரிங்கிட் குறைந்துவிட்டது என்று நிரூபித்தால் 800 பெருக்கல் 12 பெருக்கல் 10, 96,000 ரிங்கிட். 30 வயதும் அதற்குக் கீழும் என்றால் 16 வருடம். 60 நிரம்பியவருக்கு இந்தத் தலைப்பில் ஒன்றும் இல்லை. 2019 செப்டம்பருக்கு முன்னால் இந்த எல்லை 55 ஆக இருந்தது, பழைய கணக்கைச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதில் எல்லாம் “நிரூபித்தால்” என்ற ஒரு சொல்லில் நிற்கிறது. தோட்டத்துச் சம்பளம் மாதத்துக்கு மாதம் மாறும்: குலை எடை, பருவம், ஓவர்டைம். ஒரு மாதச் சீட்டைக் காட்டினால் எதிர்த்தரப்பு மிகக் குறைந்த மாதத்தை எடுத்துக்கொள்ளும். விபத்துக்கு முந்தின 12 மாதச் சீட்டு, இபிஎப் (ஊழியர் சேமநிதி) அறிக்கை, வங்கிப் புத்தகம் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். சாயங்காலம் பக்கத்தில் புல் வெட்டிச் சம்பாதித்தது தாளில் இல்லை என்றால் அதைச் சேர்ப்பது கடினம்.

ஆஸ்பத்திரி வார்டுக்கே வருகிற தரகரைப் பற்றி மண்டபத்தில் உரக்கச் சொல்லுங்கள். “வழக்கு ஜெயிச்சா 30 விழுக்காடு கொடுத்தா போதும், இதில கைநாட்டு வைங்க” என்பார். ஜெயித்தால் இத்தனை பங்கு என்று ஒப்பந்தம் போட மலேசிய வக்கீல்களுக்குச் சட்டம் தடை விதிக்கிறது. அந்தத் தாளில் லாயர் பெயர் காலியாகக்கூட இருக்கும். வக்கீல் உண்மையானவரா என்று மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் அகப்பக்கத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் தெரிந்துவிடும்.

லயத்து வெளிச்சம்:

நீல உறை, குடும்பத்திடம் கேட்டேன். அந்த லாரி குப்பை லாரியாம், கதவில் ஊராட்சி மன்றச் சின்னம் இருந்ததாம். ஏதாவது மாறுமா?

நீல உறை:

மாறும், முழுக்க மாறும். நல்லவேளை கேட்டீர்கள். அரசாங்கம், ஊராட்சி மன்றம் போன்ற பொது அதிகாரிகள் பொதுக் கடமையைச் செய்யும்போது நடந்ததென்றால் 1948-ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்து நிற்கும். கெடு 36 மாதம். 2024 ஆகஸ்ட் விபத்து, ஆக 2027 ஆகஸ்டோடு சரி. பையனுக்கு 18 வயது வரை காத்திருக்கும் சலுகையையும் இந்த 36 மாதத்தில் நம்பக் கூடாது. லாரி மன்றத்துக்குச் சொந்தமா, கான்டிராக்டருக்குச் சொந்தமா என்பதை ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவில் லாரி எண்ணை வைத்துத் தேடலாம். சின்னம் ஒட்டியிருந்தாலும் வண்டி கான்டிராக்டர் பெயரில் இருக்கலாம். ஆனால் அதைத் தேடிக்கொண்டே நாளைக் கடத்த வேண்டாம். 36 மாதம் என்றே வைத்து, மன்றம், கான்டிராக்டர் ஆகிய இருவர் மீதும் வழக்குப் போடுவதுதான் பாதுகாப்பு.

அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைத் தவறு என்ற வழக்கும் இதே 36 மாதம்தான். தனியார் ஆஸ்பத்திரி என்றால் 6 வருடம். இரண்டிலும் சிகிச்சை பெற்றவர் குறைந்த கணக்கையே பிடிக்க வேண்டும்.

ரெங்கத்து வாசல்:

விபத்தில் ஆள் இறந்துபோன குடும்பம் யாராவது கூட்டத்துக்கு வந்தால், அவர்களிடம் 6 வருடம் என்று சொல்லிவிடாதீர்கள் தம்பி. அவரை நம்பி வாழ்ந்தவர்கள் ஆதரவு இழப்புக்குப் போடும் வழக்கு, இறந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள். மனைவி, கணவன், பிள்ளை, பெற்றோர் கேட்கலாம், கூடப் பிறந்தவர்கள் கேட்க முடியாது. துக்க இழப்பீடு முன்பு 10,000 ரிங்கிட், 2019 செப்டம்பரிலிருந்து 30,000.

நம் ஆட்களுக்கென்றே ஒரு பிரச்சினை உண்டு. கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, பதிவு செய்யாமல் விட்ட கல்யாணம். 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர்கள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். புருஷன் செத்த பிறகு எதிர்த்தரப்பு வக்கீலும் சொக்சோவும் முதலில் கேட்கும் தாள் அந்தச் சான்றிதழ்தான். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் இருந்தால் பிள்ளைகள் பங்காவது நிற்கும், அம்மாவின் பங்குக்குப் போராட வேண்டியிருக்கும். உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்யாத ஜோடிகளை ஜாபாத்தான் பெண்டாப்தாரானுக்கு (பதிவு இலாகா) அனுப்பிவிடுங்கள், கூட்டத்தில் இதற்குத் தனியாக ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

இன்னொன்று, மண்டோர் தொல்லை கொடுக்கிறார் என்று ஆபிஸில் புகார் செய்கிற பெண்கள். பாலியல் தொந்தரவுப் புகார் வந்தால் முதலாளி விசாரித்தே ஆக வேண்டும். விசாரிக்க மாட்டேன் என்றால் 30 நாளுக்குள் காரணத்தோடு எழுத்தில் சொல்ல வேண்டும், அந்தக் கடிதத்தோடு லேபர் ஆபிஸுக்குப் போகலாம். 2022-ஆம் ஆண்டுப் பாலியல் தொந்தரவு எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் தனி நடுவர் மன்றமும் இருக்கிறது, 250,000 ரிங்கிட் வரை கொடுக்கச் சொல்ல முடியும், வக்கீல் இல்லாமலே போகலாம். வாயால் சொன்ன புகாருக்கு நாள் எண்ண முடியாது. எழுதிக் கொடுங்கள்.

லயத்து வெளிச்சம்:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு கூட்டத்துக்கு முன்னாலேயே வேலை போன அந்த அம்மாவை மனு கொடுக்க ஜொகூர் பாருவில் உள்ள தொழிலியல் உறவு இலாகாவுக்கு அழைத்துப் போகலாம் என்று நினைக்கிறோம். என்ன எடுத்துக்கொண்டு போகணும்? அதற்குள் முடியாவிட்டால், மே 2 வரை நாள் இருப்பதால் ஏப்ரல் கடைசி வாரம் போனாலும் சரிதானே?

கோப்புக் கிராணி:

கடைசி வாரம் வேண்டாம், இந்த வாரமே போங்கள். காலண்டரைப் பாருங்கள்: மே 1 வெள்ளி, தொழிலாளர் தினம். மே 2 சனி, 3 ஞாயிறு. ஜொகூரில் 2025 ஜனவரியிலிருந்து வார விடுமுறை சனி ஞாயிறாகிவிட்டது, வெள்ளி சனி என்ற பழைய ஞாபகத்தில் ஞாயிற்றுக்கிழமை போய் நின்றால் கதவு பூட்டியிருக்கும். ஆக உண்மையில் கடைசி வேலை நாள் ஏப்ரல் 30, வியாழன். கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாள் என்ற விதி இருக்கிறது, ஆனால் அதை நம்பி இருக்க வேண்டிய அவசியம் இவருக்கு இல்லை. வயிற்றுப் பிள்ளைக்காரியை நெருக்கடி நாளில் பஸ் ஏற்றி அலைய விடவும் வேண்டாம்.

ஐ.சி. (அடையாள அட்டை) நகல், நாலு கான்டிராக்ட், மார்ச் 3 கடிதம், கையெழுத்துப் போட்ட தாளின் நகல் கிடைத்தால் அதுவும், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, கர்ப்பப் பதிவுப் புத்தகம். கம்பெனியின் பெயரைக் கடிதத் தலைப்பில் உள்ளபடி எழுதுங்கள், தோட்டத்தின் பெயரை அல்ல. சம்பளச் சீட்டில் ஒரு கம்பெனி, கான்டிராக்ட்டில் இன்னொரு கம்பெனி என்று இருந்தால் இரண்டையும் அதிகாரியிடம் காட்டுங்கள். தவறான பெயரில் போய், நாள் கடந்த பிறகு திருத்தப் போனால் அதுவே தகராறாகிவிடும். மனுவை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், இரண்டாவதில் தேதியோடு இலாகாவின் சாப் (முத்திரை) வாங்கிக்கொண்டுதான் கவுண்டரை விட்டு நகர வேண்டும். சாப்பில் மை மங்கலாக இருந்து தேதி தெரியவில்லை என்றால் இன்னொரு முறை குத்தச் சொல்லுங்கள். வாசலுக்கு வந்ததும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள்.